வெளிச்சம் கூட்டிய அக்கா

"பிள்ளை, கையில வேலை இல்லாட்டி ஒருக்கா வந்து ஒரு படத்தைப் பாரும்."

எதிர்வீட்டு அக்கா என்னோடு பேசிய முதல் வசனம் அதுதான். சினிமாப் படம் என்று நினைத்துப் போனேன். அவர்கள் முன்னறையில் தொலைக்காட்சிக்குக் கீழே கறுப்பு நிற கேம் பெட்டி ஒன்று இருந்தது. பாயில் ஓர் இளைஞன் அதன் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திரையில் ஒரு காற்பந்தாட்டம் பாதியில் நின்றது.

அக்கா ரிமோட்டை அழுத்தினார். "இப்ப பாரும்." மறுபடி அழுத்தினார். "இனி இப்ப பாரும். முந்தினது நல்லமோ, இது நல்லமோ?"

"ரெண்டும் ஒண்டுதானே அக்கா."

"ஒண்டில்லை. கோலுக்குப் பின்னால இருக்கிற சனத்தின்ர சட்டையளைப் பாரும்."

பார்த்தேன். முதலில் ஒரே கலங்கலாகத் தெரிந்த கூட்டம் இப்போது வெள்ளைச் சட்டை, சிவப்புச் சட்டை என்று பிரிந்து நின்றது. சொன்னேன். அக்காவுக்கு அவ்வளவு சந்தோசம். "தம்பி, ரீச்சரும் சொல்லுறா, கேட்டனியே?" என்றார். நான் அப்போது எங்கள் ஒழுங்கை முனையில் இருந்த ரியூசன் வகுப்பில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அந்த வீட்டில் இருவருக்கும் நான் ரீச்சர்தான். கெஞ்சும்போது மட்டும் அக்காவுக்குப் பிள்ளை.

அது, சமாதானம் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து, கொழும்பின் காலி வீதியில் மறுபடியும் மணல் மூட்டைகள் வந்திருந்த வருடம். எங்கள் மாடிவீடு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்தது. அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கொட்டாஞ்சேனையில் ஒரு ஸ்டூடியோவில் கலர்ப் படம் அச்சடிக்கும் மெசினில் வேலை. மஞ்சள் ஒரு புள்ளி, சிவப்பு ஒரு புள்ளி என்று கூட்டியும் குறைத்தும், முகம் முகமாக வரும்வரை விடமாட்டார். "நாடு விட்டுப் போன சனத்தில பாதிப்பேரைக் கழுவி அனுப்பினது நான்தான்" என்பார். பாஸ்போட்டுப் படங்களைச் சொல்லுகிறார்.

எந்தப் பொருளும் வந்தபடி இருப்பதை அவரால் பொறுக்க முடியாது. ஒருமுறை காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். சுவரில் இருந்த ரிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் தக்காளிப்பழம் மாதிரி இருந்தது. அக்காவுக்குக் கொத்துரொட்டி இறங்கவில்லை. எழுந்துபோய்க் காசாளரிடம், "மல்லி, ரிமோட் எக தென்னகோ" என்று சிங்களத்தில் கேட்டு வாங்கினார். கடை முழுக்கச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் அந்தப் பெண்ணின் முகம் தோல் நிறத்துக்கு வந்தது. யாரோ கைதட்டினார்கள். அக்கா அதைக் கவனிக்கவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, "கழுத்தில இன்னும் கொஞ்சம் பச்சை நிக்குது" என்றார்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. "ஒரு நேரத்தில ஒண்டைத்தான் மாத்தவேணும். ரெண்டைத் திருப்பினா எதால திருந்தினது எண்டு தெரியாது." இதை என் மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன், சமன்பாடு படிப்பிக்கும்போது.

கேம் பெட்டியை லண்டனிலிருந்து வந்த ஒரு பெரியப்பாவின் மகன் விட்டுவிட்டுப் போயிருந்தான். வந்தபோது அதில் படம் மஞ்சள் தலை வைத்த ஒற்றை வயரால் வந்தது. சிவப்பு நிறம் கோட்டைத் தாண்டிக் கசிந்தது. மூன்று வயராகப் பிரிந்து வரும் கேபிள் இருப்பதாக அக்கா எங்கோ கேள்விப்பட்டு, இரண்டு சனிக்கிழமை புறக்கோட்டையில் கடைகடையாக ஏறி இறங்கினார். கேபிள் கிடைத்தது. ஆனால் வீட்டு ரிவியில் அதைச் செருக ஓட்டை இல்லை. பிறகு கனடாவுக்குப் போகிற ஒரு குடும்பம் சாமான்களை விற்றபோது, ரிவியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து ஒன்றை வாங்கி வந்தார்.

விளையாட்டுத் தொடங்கும்போது, படம் செக்கனுக்கு ஐம்பது தடவை மாறவேண்டுமா அறுபது தடவையா என்று பெட்டி ஒரு கேள்வி கேட்கும். எல்லோரும் ஐம்பதை அழுத்துவார்கள், அதுதான் முதலில் நிற்பது. அக்கா ஒருநாள் அறுபதை அழுத்தச் சொன்னார். மேலும் கீழும் கிடந்த கறுப்புப் பட்டி இல்லாமல் போய் மைதானம் திரையை நிறைத்தது. தம்பி கத்தினான்: "அக்கா, ஓடுறாங்கள்! இவ்வளவு நாளும் தண்ணிக்குள்ள நடந்தவங்கள் மாதிரியெல்லோ!"

பெட்டி சூடானால் படம் திக்கித் திக்கி வரும். நான்கு சோடா மூடிகளை அடியில் வைத்துக் காற்றுப் போக வழிசெய்தார். சீடி வாசிக்கும் கண்ணாடியைக் காது துடைக்கும் பஞ்சால் துடைத்தார். மழை பெய்யும் ஆட்டம் மெதுவாகிறது என்று கண்டு, என்றைக்கும் வெயில் என்று வைத்தார். வெயிலில் மைதானத்தின் பாதியில் கூரை நிழல் விழுகிறது, பந்து அதற்குள் போனால் தெரியவில்லை என்று தம்பி சொன்னான். உடனே எல்லா ஆட்டமும் மின்விளக்கு ஆட்டமாகியது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஞாயிறு காலை என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். நல்ல கண் உள்ளவள் நான்தானே.

தம்பிக்கு இருபத்தாறு வயது. திருகோணமலைப் பக்கம் அவர்கள் ஊரில் ஷெல் விழுந்தபோது தாயார் அந்த இடத்திலேயே போய்விட்டார். தம்பிக்கு இடது கண் போனது, தாடையிலிருந்து நெற்றிவரை ஒரு தழும்பு வந்தது. வலது கண்ணுக்கு வைத்தியம் பார்க்கத்தான் அக்கா அவனைக் கொழும்புக்கு எடுத்திருந்தார். ஊர்க் கழகத்துக்கு முன்னணியில் ஓடி விளையாடியவன். கைப்பிடியைப் பிடித்தால் விரலோடு சேர்ந்து கால் பெருவிரலும் அசையும். அந்த முகத்தோடும் ஊர் விலாசம் போட்ட அடையாள அட்டையோடும் வெளியே போனால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் ஒரு மணித்தியாலம் நிற்கவேண்டும் என்று அக்கா அவனை வாசல்படி இறங்க விடுவதில்லை. பகல் முழுக்க அவனுக்கு அந்தப் பெட்டிதான்.

ஒரு காலை, வீடுவீடாகச் சோதனை வந்தது. நான் அவர்கள் வீட்டில்தான் நின்றேன். ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டி அடையாள அட்டையைக் கேட்டார். தம்பி சட்டைப்பையிலிருந்து எடுத்து, கை இருந்த பக்கத்துக்கு ஒரு சாண் தள்ளி நீட்டிக்கொண்டு நின்றான். பொலிஸ்காரரின் முகம் மாறியது. "பீலாத?" என்று கேட்டார், குடித்திருக்கிறானா என்று. அக்கா தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து அட்டையைச் சரியான கைக்குக் கொண்டுபோனார். நித்திரையால் எழுப்பினது மாத்தயா, அதுதான், என்று சிங்களத்தில் சிரித்துக்கொண்டே சொன்னார். அவன் காலை ஆறு மணியிலிருந்து விழித்திருந்தவன்.

அவர்களோடு வந்த பெண் பொலிஸ் ரிவியைப் பார்த்துவிட்டுக் கையால் கண்ணை மறைத்தாள். கண் வலிக்கிறதே, எப்படிப் பார்க்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டாள்.

அப்போதுதான் நான் அந்தத் திரையைப் புதிதாகப் பார்த்தேன். புல்தரை பச்சையாக இல்லை, வெளிறிப்போய் வெள்ளையாகக் கொதித்தது. ஆட்டக்காரர்களுக்கு முகமே இல்லை. ஞாயிறு ஞாயிறாகச் சிறிது சிறிதாகப் பார்த்து நானும் பழகிப்போயிருந்தேன்.

சோதனைக்காரர் இறங்கிப்போன பிறகு மாடிப்படியில் வைத்து அக்காவைக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"கண்ணின்ர நரம்பு காயுதாம் பிள்ளை. மருந்து இல்லையாம். ஆறு மாசம், கூடினா ஒரு வருசம் எண்டு டொக்டர் சொன்னவர். அவனை வெளியில இருத்திப்போட்டு என்னட்டைத்தான் சொன்னவர்."

"தம்பிக்குச் சொல்லேல்லையோ?"

"சொல்லி? அம்மாவைப் பறிகுடுத்திட்டு வந்து மூண்டு மாசம் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவன். இந்தப் பெட்டி வந்த பிறகுதான் எழும்பி இருந்தவன்." குரலைத் தாழ்த்தினார். "கிழமைக்கு ஒண்டு, ரெண்டு எண்டு வெளிச்சத்தைக் கூட்டுறன். ஒண்டொண்டாக் கூட்டினா ஒருத்தருக்கும் தெரியாது. உமக்கே தெரியேல்லைத்தானே?"

ரிவி மட்டுமில்லை. அதன் பிறகு அந்த வீட்டைக் கவனித்தேன். முன்னறை பல்ப் பெரிதாகியிருந்தது. சோறு நீலக் கோப்பையில் போடப்பட்டது, வெள்ளை தெரியட்டும் என்று. பூப்போட்ட சட்டைகளை விட்டுவிட்டு அக்கா வீட்டில் மஞ்சள் மட்டும் உடுத்தினார். அவன் உலகத்தையே யாருக்கும் தெரியாமல் அவர் திருத்திக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் வந்தது, ஒருவிதப் பயமும் வந்தது. சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஆடி மாதம் ஒருநாள், அக்கா வேலைக்குப் போன பிறகு, தம்பி என்னைக் கெஞ்சினான். பக்கத்து ஒழுங்கையில் மணிக்கணக்குக்கு கேம் விளையாடும் கடை ஒன்று திறந்திருந்தது. "பெட்டியோட விளையாடி அலுத்துப்போச்சு ரீச்சர். ஒரு மனிசனோட விளையாடவேணும்." கூட்டிக்கொண்டு போனேன். அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லையா, தோன்றியும்தான் போனேனா என்று இன்றுவரை தெரியாது.

கடையில் அவன் முதல் கோலை வாங்கினான். இரண்டாவதையும் வாங்கினான். பந்து எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை. கடைக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணை, இந்த ரிவி பழுதுபோல. கொஞ்சம் வெளிச்சம் போடுங்கோ" என்றான்.

"நல்ல வெளிச்சம்தானே தம்பி. புது ரிவி" என்றார் அவர்.

தம்பி கைப்பிடியை மெதுவாகக் கீழே வைத்தான். வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தான். ஐந்தரைக்கு அக்கா கதவைத் திறந்து உள்ளே வந்தார்.

"அக்கா, ரிவியின்ர வெளிச்சம் எத்தினையில நிக்குது?"

அக்கா கைப்பையோடு அப்படியே நின்றார். என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஐம்பத்தெட்டு."

"முழுக்க எத்தினை?"

"அறுபத்துமூண்டு."

"வாங்கேக்க?"

"முப்பத்திரண்டு."

"அப்ப இன்னும் அஞ்சு இருக்கு" என்றான். "டொக்டர் எப்ப சொன்னவர்?"

"தையில."

"ஏழு மாசம். ஏழு மாசமா நான் என்னத்தைப் பார்த்தனான் எண்டு தெரியுமோ உனக்கு? பந்தை. ஒரு பந்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறன். கடல் அஞ்சு நிமிசத்தில கிடக்கு. ஒருக்காக்கூடப் போகேல்லை. பிறகு போகலாம் எண்டு இருந்தனான்."

"செக்கிங்குக்குப் பயந்து..."

"பயந்தது நீ. என்னட்டைக் கேட்டனியே?"

அக்கா அவனுக்குப் பக்கத்தில் உட்காரப் போனார். அவன் விலகினான்.

"சொல்லியிருந்தா நீ கட்டிலை விட்டு எழும்பியிருக்க மாட்டாய் தம்பி."

"எழும்பாமல் விட்டிருப்பன். என்ர கண்ணுக்கு நான் அழுதிருப்பன். அதையும் எனக்காக நீயே செய்துபோட்டாய்."

நான்கு நாள் அந்த வீட்டில் பேச்சில்லை. அக்கா சமைத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். அவன் நீலக் கோப்பையைத் தள்ளிவிட்டு, எவர்சில்வர் தட்டைத் தானே தேடி எடுத்துச் சாப்பிடுவான். பாதிச் சோறு மேசையில் கிடக்கும். அதைக் கூட்டி அள்ளும்போது அக்கா என்னைப் பார்த்து, "நான் செய்தது பிழையோ பிள்ளை?" என்று கேட்டார். நான் எவர்சில்வர் தட்டை எடுத்துக் கழுவப் போனேன்.

ஐந்தாம் நாள் அக்கா வேலைக்குப் போகவில்லை. நான் அறிய அவர் லீவு எடுத்தது அதுதான் முதல் தடவை. "எங்க போகவேணும், சொல்லு" என்றார். அவன் உடனே சொன்னான்: "கடலுக்கு."

மூவரும் போனோம். ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். ஒருவன் தம்பியின் தழும்பைக் கண்டு கையைக் காட்டி நிறுத்தினான். அக்கா இந்தமுறை சிரிக்கவில்லை, நித்திரைக் கதையும் சொல்லவில்லை. "என் தம்பிக்குக் கண் தெரியாமல் போகிறது. போக முதல் கடலைக் காட்டக் கொண்டுவந்தேன்" என்று சிங்களத்தில் நேராகச் சொன்னார். தம்பிக்குக் கேட்க அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சிப்பாய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். திருப்பிக் கொடுத்துவிட்டு, வெயில் ஏற முதல் வீட்டுக்குப் போங்கள் என்றான்.

பாறைமேல் தம்பி வெகுநேரம் நின்றான். "கரையில வெள்ளைக் கோடு ஒண்டு வந்து வந்து போகுது" என்றான். "அதுக்கு அங்கால இருக்கிறது நீலமோ, சாம்பலோ?"

அக்கா வாயைத் திறந்தார். நிறம் சொல்ல அவரைவிட வேறு யார்?

"சொல்லாத. நானே பார்க்கிறன்" என்றான் தம்பி.

அக்கா வாயை மூடிக்கொண்டார். அந்தப் பத்து நிமிடமும் சேலைத் தலைப்பை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். கடைசியில் அவன், "சாம்பல்தான்" என்றான். அன்றைக்குக் கடல் நல்ல நீலம். அக்கா அதைத் திருத்தவில்லை. "வா, ரயில் வரப்போகுது, அதையும் பார்" என்றார்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எங்காவது போனார்கள். சில இடங்களில் மறித்து இருத்தினார்கள், இருந்துவிட்டு வந்தார்கள். தாயாரின் அடையாள அட்டையிலிருந்த சின்னப் படத்தை அக்கா ஸ்டூடியோவில் பத்திரிகைத் தாள் அளவுக்குப் பெருப்பித்து, மூன்று விதமாக அச்சடித்துக் கொண்டுவந்து மேசையில் பரப்பினார். தம்பி குனிந்து, மூக்குத் தொடும் அளவில் பார்த்து, மூன்றாவதை எடுத்தான். அது கரிக்கட்டியால் கீறியது மாதிரி இருந்தது. அக்கா படியில் என்னிடம், "அம்மா அவ்வளவு கறுப்பில்லை பிள்ளை, நல்ல மாநிறம்" என்றார். ஆனால் அந்தப் படத்தைத்தான் அவன் முகத்துக்கு நேரே சுவரில் ஆணி அடித்து மாட்டினார்.

அடுத்த வருடம் இருவரும் இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். தம்பி திருச்சியில் தொலைபேசி எடுத்து இணைப்புக் கொடுக்கும் வேலை பழகுவதாக அக்கா ஒரு கடிதம் போட்டிருந்தார். என் பதிலுக்குப் பிறகு கடிதம் வரவில்லை. நானும் ஊருக்கு மாறிவிட்டேன். அக்காவை நினைத்தால் எனக்கு வருவது அவர்கள் போக முந்திய மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அதற்குள் தம்பிக்கு வாசல் எது, சன்னல் எது என்பது மட்டும்தான் தெரிந்தது. காற்பந்தை விட்டுவிட்டான். இரண்டு பேர் நின்று அடிபடும் விளையாட்டு ஒன்றை எடுத்திருந்தான். எதிராளி இடப்பக்கம் நின்றால் சத்தம் இடப்பக்கம் வருகிறது என்று அவனாகவே கண்டுபிடித்தான். எது கூடவேண்டும், எது குறையவேண்டும் என்று இப்போது அவன்தான் சொல்வான். பாட்டை முழுக்க நிறுத்து, அடிச் சத்தத்தை முழுக்கக் கூட்டு என்பான். அக்கா அப்படியே செய்வார். ரிவியின் இரண்டு ஸ்பீக்கரும் கிட்டக் கிட்ட இருக்கின்றன, திசை பிடிபடவில்லை என்றான். அக்கா பழைய ரேடியோ செட் ஒன்றின் ஸ்பீக்கர் இரண்டைக் கழற்றி வயர் இழுத்து, பாயின் இரண்டு முனையிலும் வைத்தார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு நான் அவனிடம் ஆறு தடவை தோற்றேன்.

அன்று அவன், "அக்கா, நீ வந்து இரு" என்றான்.

"நானோ? எனக்கு என்ன தெரியும்?"

"இரு. அதுக்கு முதல் ரிவியின்ர வெளிச்சத்தை எடு. நீ மட்டும் பார்த்தா அது நியாயமான ஆட்டமில்லை."

அக்கா ரிமோட்டை எடுத்தார். அறுபத்து மூன்றில் நின்ற எண் ஒவ்வொன்றாகக் குறைந்து குறைந்து பூச்சியத்துக்கு வந்தது. திரை இருண்டது. அந்தப் பெட்டிக்கு இவ்வளவு காலம் உழைத்தவர், அன்றுவரை அதன் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்ததில்லை. தலைகீழாகப் பிடித்திருந்தார். தம்பி தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்து, அவருக்கும் ஓர் ஆளைத் தானே தெரிவுசெய்து விட்டான்.

இருட்டுக்குள் அடி விழுந்தது. முதல் ஆட்டம் அரை நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவதும் அப்படியே. "எங்க நிக்கிறாய்? எங்கயடா நிக்கிறாய்?" என்று அக்கா கத்தினார். தம்பி சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டது அந்த ஆடிக்குப் பிறகு அன்றைக்குத்தான். ஏழாவது ஆட்டத்தில் அக்கா பேச்சை நிறுத்தினார். தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்துக்குக் காது கொடுத்தார். பத்தாவதில் அவருடைய அடிகளும் விழத் தொடங்கின. பதினோராவதில் ஓர் ஆள் விழுந்த சத்தம் கேட்டது. பெட்டி ஏதோ ஒரு ஜப்பான் பெயரைச் சொல்லி வென்றதாக அறிவித்தது.

"ஆர் வெண்டது?" என்றார் அக்கா. தன் ஆளின் பெயர் அவருக்குத் தெரியாது.

"நீதான்" என்றான் தம்பி.

"பொய். நீ விட்டுத் தந்தனீ."

"சத்தியமா இல்லை."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் அதே இருட்டுத் திரைக்கு முன்னால்தான் இருந்தேன்.

"எனக்குத் தெரியேல்லை அக்கா" என்றேன்.

அவர் கைப்பிடியைக் கீழே வைக்கவில்லை. வியர்த்த கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தம்பிக்குப் பக்கத்தில் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"சரி, இன்னொருக்காப் போடு" என்றார்.